பச்சைத் துணி கட்டிய சைக்கிள்

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். ஒரே ஒரு வார்த்தை. கேட்டவள் என் அக்கா. சைக்கிள் ரிப்பேர் செய்வது அவள் தொழில். சைக்கிள் ஓட்டுவது அவளுடைய மற்றதெல்லாம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இன்று காலை எட்டு மணிக்குத் தன் சொந்த சைக்கிளை ஒரு நர்ஸுக்குக் கொடுத்துவிடப் போகிறாள். கொடுத்துவிட்டால் அதோடு சரி, இனி ஓட்டமாட்டாள். இப்போது மணி ஐந்து ஐந்து.

ஆக, எனக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அதற்குள் ஒன்று கதையை முடிக்க வேண்டும், இல்லை வாயைத் திறக்க வேண்டும். எழுதுவதுதான் சுலபம் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். இரண்டாவது பத்தியிலேயே அது தப்புக் கணக்கு என்று தெரிந்துவிட்டது.

எழுதிக்கொண்டிருப்பது கடையின் வேலைச் சீட்டுகளுக்குப் பின்பக்கத்தில். கடையில் வேறு தாள் கிடையாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. மேலே ஓர் ஓட்டை, ஹேண்டிலில் மாட்டித் தொங்கவிடுவதற்கு. முன்பக்கத்தில் மூன்று வரிகள் அச்சடித்திருக்கும்: வண்டி. கோளாறு. மீதி வேலை. பின்பக்கம் வெறுமை. நீங்கள் படிப்பது அந்த வெறுமையைத்தான். (ஓர் எண்ணுக்கு ஒரு சீட்டு என்று திட்டம் போட்டேன். நாலைந்து ஆகிறது. என் கையெழுத்து பெரிது.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அந்த நகரத்தின் கடைசி சைக்கிள் மெக்கானிக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது."

நான்கு வரிக்குள் அந்த ஆளுக்கு எழுபது வயதாகி, தாடி நரைத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். போய்ட்டு வாங்க என்று அனுப்பிவிட்டேன். அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. கை நடுங்குவதில்லை. வாழ்க்கையைப் பற்றி அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது, "அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்த இடத்துல வைடா."

இரண்டாவது தொடக்கம்: "அவள் விரல் இடுக்குகளில் படிந்திருந்த கிரீஸ், கடந்துபோன ஒரு காலத்தின்"

அதற்குமேல் போகவில்லை. கிரீஸ் கிரீஸ்தான். சோப்புத்தூளோடு கொஞ்சம் சர்க்கரை சேர்த்துத் தேய்த்தால் போய்விடும்.

மூன்றாவது தொடக்கத்தில் மெக்கானிக்கை ஆணாக்கி, என்னை அவர் பக்கத்து வீட்டுக்காரனாக்கி, நடந்ததை வேறு யாருக்கோ நடந்ததாக ஆக்கினேன். நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே கிழித்தேன். அதில் நான் நல்லவனாக இருந்தேன்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். கடை எட்டடி அகலம், இருபதடி நீளம். வாசலில் பம்பு. இடது சுவரில் ஆணி ஆணியாக ஸ்பேனர்கள். ஒவ்வொன்றின் வடிவமும் சுவரில் கறுப்பாக வரைந்திருக்கும், எது இல்லையென்றாலும் அதன் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் ஒரு சிறிய அறை. பார்சல் கிடங்கில் நைட் ஷிஃப்ட் வேலையை எட்டு மாதத்துக்கு முன் பாதியில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து அந்த அறையில்தான் படுக்கிறேன். ஏன் விட்டேன் என்று அக்கா கேட்கவில்லை. "பாய் மூலையில இருக்கு" என்றாள். அவள் இருப்பது மாடியில், தனியாக. கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "அறுநூறு முடியட்டும்" என்பாள். கேட்டவர்கள் அறுநூறு என்றால் என்ன என்று கேட்பார்கள். அதற்கு அவள் பதில் சொல்ல ஆரம்பித்தால் கல்யாணப் பேச்சு மறந்துபோகும்.

3

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் கதை நகராது. போல்ட்டுகளை முதலில் விரலால்தான் முறுக்கி உட்காரவைப்பாள். எல்லாம் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். அப்புறம்தான் ஸ்பேனர். இதில் ஆபத்தான இடம் நடுவில் இருக்கிறது. விரல்முறுக்கில் நிற்கும் வண்டி, வேலை முடிந்த வண்டி மாதிரியே இருக்கும். பார்த்தால் தெரியாது. உருட்டினாலும் தெரியாது. ஓட்டினால்தான் தெரியும், அதுவும் முதல் வளைவில்.

அதனால் அந்த நடுவில் யாராவது கூப்பிட்டாலோ, போன் வந்தாலோ, வண்டியை விட்டு ஒரு அடி நகருமுன் ஹேண்டிலில் ஒரு பச்சைத் துணியை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். பழைய திரைச்சீலையைக் கிழித்து எடுத்த துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. விதி இரண்டு. ஒன்று, கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். இரண்டு, மீதி வேலையை முடித்து, எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை சோதித்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். துணி இருந்தால் வண்டி முடியவில்லை. துணி இல்லையென்றால் முடிந்தது. கடையில் நான் படித்த பாடம் மொத்தமே இவ்வளவுதான். அதைக்கூட உருப்படியாகப் படிக்கவில்லை.

எதிர்வரிசையில் சலூன் வைத்திருப்பவர் ஒரு தடவை கேட்டார்: "மெக்கானிக்கம்மா, பச்சைன்னா ஊரே போகுது. நீங்க மட்டும் நிறுத்துறீங்களே?"

"திரைச்சீலை பச்சையா இருந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

சலூன்காரரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கை உடையப்போவது அவருக்குத்தான்.

4

அறுநூறு என்றால் அறுநூறு கிலோமீட்டர். நாற்பது மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சும் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர்கள், வராதவர்கள், அவ்வளவுதான். அக்கா போன வருடம் வராதவர்களில் ஒருத்தி. நாற்பது மணி பதினொரு நிமிடம்.

நானூற்று முப்பதாவது கிலோமீட்டரில் வழியோரம் ஒருவர் அறுந்த செயினைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். அக்கா இறங்கி, ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டு, செயினைச் சேர்த்து மாட்டிக் கொடுத்தாள். அதற்கு ஆனது பதினான்கு நிமிடம். அந்த ஆள் நேரத்துக்குள் முடித்துவிட்டார்.

(இந்தப் பத்தியை இரண்டு தடவை அடித்தேன். நான் கைச்சரக்குச் சேர்த்ததுபோல் இருக்கிறது. கதாநாயகியைத் தியாகி ஆக்குவதற்கு எழுத்தாளன் செய்யும் மலிவான வேலை என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு நிமிடம் அவள் மணிக்கட்டுக் கடிகாரத்தில் பதிவாகியிருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டதற்கு அவள் சொன்னது தியாகியின் வசனம் இல்லை: "பன்னெண்டு நிமிஷத்துல முடிச்சிருக்கணும். செயின் பின் கீழ விழுந்துருச்சு, தேடினேன்.")

இந்த வருடம் அவள் அந்தப் பதினொரு நிமிடத்துக்காகத்தான் வாழ்ந்தாள். நாலரைக்கு எழுந்திருப்பாள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் எட்டுத் தடவை ஏறி இறங்குவாள். முதுகுப் பையில் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு நாலு. ஏழு மணிக்குத் திரும்பி வந்து, சட்டை காய்வதற்குள் கடையைத் திறந்துவிடுவாள். மழை நாட்களில் மாடியில் ரோலர் மேல் சைக்கிளை வைத்து ஓட்டுவாள். கீழே படுத்திருக்கும் எனக்கு மாவு மில்லுக்கு அடியில் படுத்திருப்பதுபோல் இருக்கும். ஒரு நாள் போய்ச் சொன்னேன்.

"தூங்க முடியல அக்கா."

"நீதான் தூங்காம இருக்கறதுக்குச் சம்பளம் வாங்கினவனாச்சே."

ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவளுக்கு வேறுவேறு இல்லை. சாலையில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் எந்த சத்தம் ஐந்தாவது மணி நேரத்தில் என்ன ஆகும் என்று தெரியும். தெருவில் போகிற வண்டியைத் தலை நிமிராமலே கூப்பிடுவாள்: "இடது பெடல் அச்சு போகுது பாருங்க." இந்தத் தெருவில் அவளை நம்புவதற்குக் காரணம் அதுதான். இதைச் சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் மூன்று வாரமாக அவள் இதற்கு நேர் எதிரானதை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

5

சம்பவம்.

சலூன்காரரின் சைக்கிளில் முன் ஃபோர்க்கில் பால்ரஸ் தேய்ந்திருந்தது. அக்கா பிரித்து, புதுக் குண்டுகள் போட்டு, ஹேண்டிலைத் திரும்ப மாட்டி, போல்ட்டுகளை விரலால் உட்காரவைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து போன். நர்ஸ். இவளும் ஒரு பழைய சைக்கிளில் அறுநூறுக்குப் பழகுகிறவள், அக்காவோடு மேடு ஏறுகிறவள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டயர் வெடித்து நிற்கிறாள், டியூட்டிக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது. அக்கா டியூபையும் கைப்பம்பையும் எடுத்துக்கொண்டு போனாள்.

நான் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து சலூன்காரர் வந்தார். "முடிஞ்சுதா தம்பி?" என்றார். ஹேண்டிலைப் பார்த்தேன். துணி இல்லை. "முடிஞ்சுது அண்ணே" என்றேன். ஏறி மிதித்தார். பேக்கரி முனையில் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினார். ஹேண்டில் திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை. வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. சவரக்கத்தி பிடிக்கும் கை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அக்கா, கடைக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டாள்.

"நான் துணி கட்டினேனா?"

"கவனிக்கல."

அந்த ஒரு வார்த்தை இதுதான்.

"கட்டின மாதிரிதான் ஞாபகம்" என்றாள். கையைப் பார்த்தாள். "ஆனா அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கே கிளம்பி நூத்தி இருபது ஓட்டியிருந்தேன். கட்டின ஞாபகம் அன்னிக்கு உள்ளதா, முந்தின நாள் உள்ளதான்னு தெரியல."

என்னைத் திட்டவில்லை. வண்டியைக் கொடுத்தவன் நான். ஆனால் துணி இல்லாத வண்டியைக் கொடுத்தவன் மேல் குற்றம் இல்லை. அதுதான் விதி. அவள் விதிப்படி நான் சுத்தம்.

6

இந்த இடத்தில் கதைக்கு ஒரு பிரச்சினை. தம்பி என்கிற பாத்திரம் சரியாக வரவில்லை. டம்ளர் கழுவுகிறான், முடிந்தது என்கிறான், கவனிக்கவில்லை என்கிறான். கதையில் இப்படி ஓர் ஆள் சும்மா இருக்க முடியாது. சும்மா இருக்கிறவனுக்கு எதற்கு இத்தனை சீட்டு?

வேறு காரணங்கள் யோசித்துப் பார்த்தேன். காற்றில் துணி பறந்துபோயிற்று என்று வைக்கலாம். இரட்டை முடிச்சு காற்றுக்கு அவிழாது. சலூன்காரரே அவிழ்த்துவிட்டார் என்று வைக்கலாம். அவர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியைத் தொட்டார். அக்கா உண்மையிலேயே கட்ட மறந்துவிட்டாள் என்று வைக்கலாம். அதுதான் வசதியான காரணம். அதைத்தான் அவள் நம்புகிறாள். முந்தாநாள் நர்ஸை வரச்சொல்லித் தன் சைக்கிளில் உட்காரவைத்து, சீட் உயரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் ஒரு டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

"குதிகாலை பெடல்ல வை. முழங்கால் நேரா வருதா?"

"வருது அக்கா. ஆனா எனக்கு இது வேணாம். அஞ்சு வாரம்தான் இருக்கு. நீங்க போங்க, நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"உனக்கு உயரம் சரியா இருக்கு. அதான் குடுக்கறேன். பாசம் கீசம்னு நெனச்சுக்காத."

"அவருக்குக் கை உடைஞ்சதுக்கு நீங்க ஏன்..."

"தலை ரோட்டுல இருந்துச்சு, கை மட்டும் கடையில இருந்துச்சு. அதுக்குத்தான் அவர் கை போச்சு. ரெண்டையும் ஒண்ணா வச்சுக்க முடியும்னு நெனச்சேன். முடியலன்னு தெரிஞ்சுபோச்சு. என்னை நம்பி எத்தனை பேர் எறங்கி ஏறி போறாங்க. அதை விட முடியாது. அப்ப இதைத்தான் விடணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், காத்து போதும். வெடிக்கப்போகுது."

நிறுத்தினேன். டியூப் என் முழங்கால் அளவுக்கு வீங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து எடுத்துக்கொள் என்று நர்ஸிடம் சொன்னாள். இன்று சனிக்கிழமை.

7

நேற்று நான் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். முடி வளர்ந்திருக்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது.

சலூன்காரர் மூன்று வாரமாக மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து மச்சினனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் ஏழரை மணிக்கு அக்கா போய் அவருடைய ஷட்டரைத் தூக்கி விடுகிறாள். ஒற்றைக் கையால் அவருக்கு முடியாது. மச்சினன் எட்டரைக்கு முன் எழுந்திருப்பதில்லை. நான் போனபோது மச்சினன் டீ குடிக்கப் போயிருந்தான்.

"உக்காரு, நானே வெட்டறேன்."

"எப்படிண்ணே?"

"இடது கை சும்மாதானே இருக்கு. பழகிக்க ஒரு தலை வேணாமா?"

துண்டைப் போர்த்தினார். கத்தரிக்கோல் என் காதுக்குப் பக்கத்தில் தயங்கித் தயங்கி வந்தது. முதல் வெட்டிலேயே கண்ணாடியில் தெரிந்தது, இது பத்து நாளைக்குத் தொப்பி போடுகிற விஷயம் என்று.

"மெக்கானிக்கம்மா வண்டியைக் குடுக்கறாங்களாமே."

"ஆமா."

"அசையாத. காது போயிரும்." இரண்டு வெட்டு. "அன்னிக்கு வண்டியைக் குடுக்கறப்போ சீட்டைத் தொடச்சுக் குடுத்த. நல்ல மரியாதை. இதுவரைக்கும் யாரும் எனக்கு சீட்டைத் தொடச்சுக் குடுத்ததில்ல."

துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பேன்ட் பாக்கெட்ல இருந்து எடுத்த. என்ன துணி அது?"

கண்ணாடியில் அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் மோசம்.

"தெரியலண்ணே."

"எனக்குத் தெரியும். விழுந்து கெடக்கறப்போ மத்தது எதுவும் ஞாபகம் வரல, அந்தப் பச்சைதான் வந்துச்சு. ஆஸ்பத்திரியில யோசிச்சேன். மெக்கானிக்கம்மா கட்டற துணின்னு புரிஞ்சுபோச்சு, ஆனா நான் சொல்லல."

"ஏன்?"

"உடைஞ்சது கை. அது ஆறு வாரத்துல ஒட்டிக்கும். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவுல நான் போய் எதை உடைக்கறது? சொல்ல வேண்டியவன் வாய் நல்லாத்தான் இருக்கு." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இதுக்கு மேல வெட்டினா உனக்கே நல்லதில்ல. மச்சினன் வந்து சரி பண்ணுவான்."

நான் காத்திருக்கவில்லை. பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டேன். அக்கா பார்த்தாள். "யாரு வெட்டினது, கண்ணு தெரியாதவனா?" என்றாள். "அண்ணன். இடது கையில" என்றேன். ஒரு நொடி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கையை நினைத்திருப்பாள். மூன்று வாரமாக அவள் சிரிப்பெல்லாம் இப்படிப் பாதியில்தான் நிற்கிறது.

8

எண் ஐந்தில் ஒரு போல்ட் லூஸ். இறுக்குகிறேன்.

நான் டம்ளர் கழுவிக்கொண்டிருக்கவில்லை. அக்கா சலூன்காரரின் ஹேண்டிலில் துணி கட்டியதை நான் பார்த்தேன். இரட்டை முடிச்சு. கட்டிவிட்டு, வழக்கம்போல் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு போனாள்.

அவள் போன பிறகு என் சைக்கிளின் செயின் கழன்றிருந்ததை மாட்டினேன். கை முழுக்கக் கறுப்பு. கை துடைக்கும் நூல்கழிவுப் பை காலியாக இருந்தது. புதுப் பை மாடியில். படி ஏற வேண்டும். மொத்தம் பதினாறு படி. ஹேண்டிலில் இருந்த பச்சைத் துணியை அவிழ்த்துக் கை துடைத்தேன். திரும்பக் கட்டிவிடலாம் என்றுதான் அவிழ்த்தேன். கட்டுவதற்கு முன்னால் கடைசியாகச் சுண்டுவிரலைத் துடைத்தபோது எதையோ யோசித்தேன். என்ன யோசித்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. துணி பாக்கெட்டுக்குள் போனது. நான் வாசலுக்கு வந்து நின்றேன்.

சலூன்காரர் வந்தார். முடிஞ்சுதா என்றார். நான் என்ன செய்தேன் என்று பாருங்கள். விதியைச் சரியாகக் கடைப்பிடித்தேன். ஹேண்டிலைப் பார்த்தேன். துணி இருந்தால் முடியவில்லை, இல்லையென்றால் முடிந்தது. துணி இல்லை. எனவே முடிந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் நானே எடுத்துவிட்ட அடையாளம் இல்லாததை நானே படித்து, நானே நம்பி, அதே துணியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவர் சீட்டையும் துடைத்துக் கொடுத்தேன்.

இதைப் படித்துவிட்டு, தூக்கமில்லாத மூளை, எட்டு வருட நைட் ஷிஃப்ட், பாவம் என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லாதீர்கள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். பதினாறு படி ஏறச் சோம்பல். அவ்வளவுதான் காரணம்.

"கவனிக்கல" என்று சொன்னதற்கும் பெரிய காரணம் இல்லை. சொன்ன நேரத்தில் அது சின்னப் பொய். அவள் கேட்டது துணியைப் பற்றி. அறுநூறைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் நாலரைக்கு எழுந்திருப்பதை நிறுத்தியபோதுதான் அந்தப் பொய் எந்தப் பக்கமாக வளர்ந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. அதற்குள் அது கொஞ்சம் உயரமாகிவிட்டிருந்தது. மாடியிலிருந்து சத்தம் வராமல் போன முதல் மழைக்காலையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்று மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அக்காவின் தலையும் கையும் ஒரே இடத்தில்தான் இருந்தன. நூற்று இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, போனை எடுத்து, டியூபைத் தேடி, அந்த அவசரத்திலும் இரட்டை முடிச்சுப் போட்டாள். அவளால் இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும். செய்துகொண்டிருந்தாள். இந்த உலகத்தில் இதை நேரில் பார்த்த சாட்சி ஒரே ஒருவன். அவன் பாதித் தலை வெட்டிய நிலையில் வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் கதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

9

மணி ஏழு இருபது. முடிவுகள்.

முதல் முடிவு: அக்கா படித்துவிட்டு ஸ்பேனரை எடுத்து வீசுகிறாள். நடக்காது. ஸ்பேனர் வளைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது முடிவு: அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, போடா பைத்தியக்காரா, இதை அன்னிக்கே சொல்லக்கூடாதா என்று

(இல்லை. இதை எழுதிய கையை எதைக்கொண்டு துடைப்பது?)

மூன்றாவது முடிவு: எதுவும் பேசாமல் சீட்டுகளை அடுக்கி வைக்கிறாள். நர்ஸுக்கு போன் போட்டு வேண்டாம் என்கிறாள். என் பாய் மாடிப்படிக்குக் கீழே போகிறது. ஐந்து வாரம் அவள் என்னோடு பேசுவதில்லை. இது நடக்கலாம். இதைத் தாங்கிக்கொள்ள முடியும்.

நான்காவது: படித்துவிட்டும் சைக்கிளைக் கொடுத்துவிடுகிறாள். மூன்று வாரம் ஓட்டாத காலை ஐந்து வாரத்தில் தயார்செய்ய முடியாது என்கிறாள். இதுதான் எனக்குப் பயம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேடுதான் பதில் சொல்ல வேண்டும்.

அக்காவின் சைக்கிள் கடைக்கு நடுவில் நிற்கிறது. நேற்றே செயின் கழுவி, சக்கரத்தின் கோட்டம் எடுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் சோதித்து, ஒரு சுற்று ஓட்டியும் பார்த்துவிட்டாள். ஹேண்டிலில் துணி இல்லை. முடிந்த வண்டி. நர்ஸ் வந்தால் ஏறிப் போகலாம்.

இந்தச் சீட்டுகளை எழுதி அவள் கண்ணில் படும்படி விட்டுவிட்டு, நான் எங்காவது ஒரு நடை போய்விட்டு வரலாம் என்பதுதான் காலை ஐந்து மணிக்கு என்னுடைய திட்டம். அதனால்தான் எழுதவே ஆரம்பித்தேன். இப்போது பார்த்தால் அதுவும் பதினாறு படி ஏறாமல் இருக்கிற வேலைதான்.

எழுதியதையெல்லாம் அடுக்கினேன். முப்பத்து நான்கு சீட்டு. மேலே இருப்பதை மட்டும் திருப்பி, அச்சடித்த முன்பக்கத்தை நிரப்பினேன்.

வண்டி: அக்காவுடையது.
கோளாறு: வண்டியில் இல்லை.
மீதி வேலை: துணியை அவிழ்த்தது நான் என்று என் வாயால் சொல்வது.

பச்சைத் துணியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். மூன்று வாரமாக அங்கேதான் இருந்தது. கறுப்புக் கறை காய்ந்து கெட்டியாகிவிட்டது. முப்பத்து நான்கு ஓட்டைகளிலும் அதை நுழைத்து, அவள் சைக்கிளின் ஹேண்டிலில் கட்டுவதற்குப் பிடித்திருக்கிறேன். ஒரு முடிச்சுப் போட்டாயிற்று. இந்தக் கடைசிச் சீட்டை எழுதிச் சேர்ப்பதற்காக இன்னொரு முடிச்சு காத்திருக்கிறது.

எதிரில் ஷட்டர் ஏறும் சத்தம். ஏழரை. சலூன்காரர் அவளிடம் ஏதோ சொல்கிறார், அவள் கையை ஆட்டிவிட்டுத் திரும்புகிறாள். தெருவைக் கடக்க அவளுக்குப் பத்து அடி. வந்ததும் ஹேண்டிலைத்தான் முதலில் பார்ப்பாள். முடிந்த வண்டியில் துணி. யாரு கட்டினது என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கும் ஒற்றை வார்த்தைதான் பதில். இந்தத் தடவை நான் கடைக்குள்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உங்களுக்கு முடிவு வேண்டும். எனக்கு நேரமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் இந்தச் சீட்டுகளைக் கட்டிவிடப் போகிறேன், நீங்களோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் எப்போதோ, யாரோ, இந்தத் துணியை அவிழ்த்திருக்க வேண்டும்.

யார் அவிழ்க்கலாம், அதற்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எண் மூன்றில் இருக்கிறது. அந்த விதியை ஒரு தடவை மீறியவன் நான் என்பது எண் எட்டில் இருக்கிறது. எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். அப்புறம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, நீங்களே சொல்லுங்கள்.